சென்னையின் 54 சதவீதம்: வராதவர்கள் யார்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியில் 81 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள், மத்திய சென்னையில் 54 சதவீதம்தான். படித்தவர்களும் வசதியானவர்களும் நிறைந்த ஊரில் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டால் நல்ல தலைவர்கள் எங்கிருந்து வருவார்கள், ஓட்டுப் போடாதவர்களுக்கு ரேஷனையும் பாஸ்போர்ட்டையும் நிறுத்தினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன: அந்த 46 சதவீதம் யார், அவர்கள் வராததால்தான் ஆட்சியும் தலைமையும் கெடுகிறதா, கட்டாயப்படுத்தினால் சரியாகிவிடுமா. நான் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுக்கத் தேர்தல் வேலை பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக, பிற்பாடு வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும் பி.எல்.ஓ.க்களுக்கு மேற்பார்வையாளராகவும். அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் அழுத்தமாகவே பதில் சொல்லுவேன். மற்ற இரண்டில் என் கருத்து எது, நிரூபணமானது எது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

சதவீதம் என்பது ஒரு வகுத்தல். மேலே இருப்பது பதிவான ஓட்டு, கீழே இருப்பது பட்டியலில் உள்ள பெயர்கள். எல்லோரும் மேலே இருக்கும் எண்ணைப் பற்றியே சண்டை போடுகிறோம். ஆனால் அதுதான் இருப்பதிலேயே நம்பகமான எண். வாக்காளர் உள்ளே வந்ததும் முதல் அலுவலர் பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாக வாசிப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்ட்டுகள் தங்கள் கையிலுள்ள பட்டியலில் அந்தப் பெயரை அடித்துக்கொள்வார்கள். இரண்டாமவர் விரலில் மை வைத்து 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார். மூன்றாமவர் கன்ட்ரோல் யூனிட்டில் பொத்தானை அழுத்தினால்தான் ஓட்டுப் போடும் கருவி திறக்கும். மாலை 6 மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுப்போம், அதுவும் வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி. முன்னாலிருந்து கொடுத்துக்கொண்டு வந்தால் வால் நீண்டுகொண்டே போகும். எல்லாம் முடிந்தபின் இயந்திரம் காட்டும் மொத்தத்தை 17சி படிவத்தில் எழுதி, 17ஏ எண்ணிக்கையோடு ஒத்துப்பார்த்து, ஏஜென்ட்டுகளுக்கு நகல் கொடுத்து அவர்களிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். ஒரு ஓட்டு வித்தியாசம் வந்தால்கூட அங்கேயே கூச்சல் கிளம்பிவிடும்.

சரி, பின்னே 2024 ஏப்ரல் 19 அன்று மாலை தமிழ்நாட்டில் 72 சதவீதம் என்று அறிவித்துவிட்டு, பிறகு அது 69.72 என்று எப்படி இறங்கியது? அன்று பலருக்கும் சந்தேகம் வந்தது. மாலையில் சொல்வது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாவடிகளிலிருந்து போகும் தகவலை வைத்துப் போடும் மதிப்பீடு. வரிசை நீண்டு, வேலை தலைக்கு மேல் இருக்கும் நேரத்தில் தலைமை அலுவலர் குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லியிருப்பார், சில சாவடிகளிலிருந்து தகவலே போயிருக்காது. 17சி தாள்கள் வந்து சேர்ந்த பிறகு கிடைப்பதுதான் உண்மையான எண். அறிவிக்கும்போதே இதை மதிப்பீடு என்று அழுத்திச் சொல்லியிருந்தால் பாதிச் சந்தேகம் கிளம்பியிருக்காது.

இப்போது கீழே இருக்கும் எண்ணுக்கு வருவோம். தேர்தலுக்கு முந்தைய நாள் எங்களுக்குத் தரும் சாமான்களில் ஏ.எஸ்.டி. பட்டியல் என்று ஒன்று இருக்கும். வீட்டில் இல்லாதவர், குடிபெயர்ந்தவர், இறந்தவர் என்று பி.எல்.ஓ. வீடு வீடாகப் போய்க் குறித்து வைத்த பெயர்கள். இவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்கள் இல்லை. பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. அப்படி ஒருவர் நேரில் வந்துவிட்டால் அடையாள அட்டையை நன்றாகச் சரிபார்த்து, கையெழுத்தோடு கைரேகையும் வாங்கி, படம் எடுத்துக்கொண்டு ஓட்டுப் போட விடுவோம். கிராமத்துச் சாவடியில் இந்தப் பட்டியல் ஒரு தாளில் அடங்கும். வாடகைக்காரர்கள் நிறைந்த நகரத்துத் தெருவில் பக்கம் பக்கமாகப் போகும். அப்புறம், அந்தப் பட்டியலிலும் வராத இன்னொரு கூட்டம் உண்டு. வீட்டு உரிமையாளர் 'ஆமாம், மாடியில்தான் இருக்கிறார்கள்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டதால் இருப்பவர்களாகவே தொடர்பவர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சாவடியில் 1,200 பெயர்கள், 650 பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 54 சதவீதம். அந்த 1,200-ல் 240 பேர் செத்தவர்கள், வேறு ஊருக்குப் போனவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் என்றால் அங்கே நிஜமாக இருப்பது 960 பேர். அவர்களில் 650 பேர் என்றால் கிட்டத்தட்ட 68 சதவீதம். ஒரே தெரு, ஒரே மக்கள், அதே ஓட்டு. வெட்கப்பட வேண்டிய எண் ஒரு நொடியில் சராசரி எண்ணாகிவிட்டது. நகரத்தின் பதிவைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஏன் நீக்கவில்லை என்று கேட்பீர்கள். ஒருவர் பெயரை அப்படி எளிதாக நீக்கிவிட முடியாது, முடியவும் கூடாது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, குடிபெயர்ந்தார் என்ற காரணத்துக்காக நீக்குவதானால் அவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அப்பா இறந்ததும் வங்கிக்கும் தாசில்தார் அலுவலகத்துக்கும் அலைகிற பிள்ளைகள், பெயரை நீக்கச் சொல்லிக் கொடுக்கும் படிவம் 7 என்று ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வீடு மாறுகிறவர்களுக்குப் புது வீட்டில் கேஸ் இணைப்பு வாங்க உடனே தோன்றும், ஓட்டு மாற்ற அடுத்த தேர்தல் வரும்போதுதான் தோன்றும். வேலைக்காகச் சென்னைக்கு வந்தவர்களில் நிறையப் பேர் சொந்த ஊர்ப் பெயரை விடவே மாட்டார்கள். 'ஊர்ல ஓட்டு போச்சுன்னா நாளைக்கு நான் அந்த ஊர்க்காரனே இல்லைன்னுடுவாங்க சார்' என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் பதிவு செய்யக் கூடாது என்பது அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு. படிவத்தில் தெரிந்தே பொய் உறுதி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்றும் இருக்கிறது. ஆனாலும் இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கள்ள ஓட்டுப் போடுகிறவர்கள் இல்லை. பொங்கலுக்குப் போகிற மாதிரி ஓட்டுக்கும் ஊருக்குப் போகிறவர்கள். அன்றைக்குச் சென்னைச் சாவடியில் அவர்கள் 'வராதவர்கள்'.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு இப்போது ஒரு சாட்சி இருக்கிறது. வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்த தீவிர திருத்தப் பணிக்குப் பிறகு 2025 டிசம்பர் 19 அன்று வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில், 6.41 கோடியாக இருந்த பெயர்கள் 5.43 கோடியாகக் குறைந்தன. ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 40 லட்சத்தில் 14 லட்சத்துக்கு மேல். அவற்றில் இறந்தவர்கள் ஒரு பங்கு, இரட்டைப் பதிவு ஒரு சிறு பங்கு, மிகப் பெரிய பங்கு 'முகவரியில் இல்லை, குடிபெயர்ந்தார்' என்ற வகை.

ஆனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு வகுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். சென்னைப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொய்ப் பெயர்கள் என்று வைத்து 2024 கணக்கைத் திருத்தினால், மத்திய சென்னை தர்மபுரியையே தாண்டிவிடும்! அது நம்பும்படியாக இல்லை. காரணம், குடிபெயர்ந்தார் என்று எழுதப்பட்டவர்களில் பலர் அதே நகரத்தில் இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள், ஓட்டுப் போடும் தகுதியும் எண்ணமும் உள்ளவர்கள். பி.எல்.ஓ. வந்தபோது வீடு பூட்டியிருந்தது என்பதற்காக விடுபட்டவர்களும் உண்டு. வரைவு வந்த பிறகு, புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்துச் சேர வேண்டியிருந்தவர்கள் இவர்கள். ஆக, உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சென்னையின் உண்மையான பதிவு 54 சதவீதத்தைவிடக் கணிசமாக அதிகம். அது 60-க்கு மேலா, 70-க்குப் பக்கமா என்று ஒரு எண்ணை அடித்துச் சொல்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். பட்டியலைக் கழுவுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. தகுதியுள்ள ஒருவரின் பெயர் போய்விட்டால் சதவீதம் ஏறும், ஜனநாயகம் இறங்கும்.

பட்டியல் சுருங்கியதால் ஏறும் சதவீதம் எது, நிஜமாகக் கூடிய ஓட்டு எது என்று பீகாரில் பிரித்துப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. 2020 சட்டமன்றத் தேர்தலில் அங்கே 57 சதவீதத்தை ஒட்டிய பதிவு. 2025 நவம்பரில் 67 சதவீதம் அளவுக்கு ஏறியது, அந்த மாநில வரலாற்றிலேயே அதிகம். நடுவில் பட்டியல் திருத்தப்பட்டு, 7.89 கோடியிலிருந்து 7.42 கோடியாகி, தேர்தலின்போது 7.45 கோடியாக இருந்தது. பெயரை வெட்டித்தான் சதவீதத்தை ஏற்றினார்கள் என்றது ஒரு தரப்பு, மக்கள் எழுச்சி என்றது மறு தரப்பு. பதிவான ஓட்டு ஏறத்தாழ 5 கோடி. பட்டியல் திருத்தப்படாமல் 7.89 கோடியாகவே இருந்திருந்தால் அது 63 சதவீதம் என்று வரும். அதாவது பத்துப் புள்ளி உயர்வில் மூன்றரைப் புள்ளிக்குப் பட்டியல் காரணம், மீதி ஆறு புள்ளிக்கு மேல் நிஜமாக வந்து நின்ற மனிதர்கள். இரண்டு தரப்புமே பாதி சரி. அதே தேர்தலில் பெண்களின் பதிவு ஆண்களைவிட ஒன்பது புள்ளி அளவுக்கு அதிகம். பெண்களிடம் ஆர்வம் கூடியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பஞ்சாபிலும் சூரத்திலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் ஆண்களின் பெயர்கள் ஊர்ப் பட்டியலில் இருக்கின்றன, ஆட்கள் ஊரில் இல்லை. வெளியூரில் இருந்தபடியே ஓட்டுப் போட ஒரு தொலைதூர இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்து, அடுத்த மாதம் அதைக் காட்டுவதற்குக் கட்சிகளை அழைக்கவும் செய்தது. கட்சிகள் எதிர்த்தன. அது அப்படியே நிற்கிறது.

பட்டியலின் கோளாறையெல்லாம் கழித்த பிறகும், நகரத்தில் வீட்டிலிருந்தபடியே வராதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏன் வரவில்லை என்பதில்தான் எல்லோரும் மனம் போன போக்கில் பேசுகிறோம். 17ஏ பதிவேட்டில் வந்தவர் கையெழுத்து இருக்கும், வராதவர் காரணம் இருக்காது. படிப்புக்கோ வருமானத்துக்கோ பட்டியலில் இடமே கிடையாது. ஆகவே 'படித்தவன்தான் வருவதில்லை' என்பதை எந்தத் தேர்தல் ஆவணத்திலிருந்தும் நிரூபிக்க முடியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன், அதற்குரிய மதிப்பை நீங்களே கொடுங்கள். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு இருக்கும் சாவடியில் காலை 7 மணிக்கே வரிசை நிற்கும். அடுக்குமாடிகள் நிறைந்த சாவடியில் காலையில் முதியவர்கள் நடைப்பயிற்சி முடித்துவிட்டு வந்து போடுவார்கள், அதன்பிறகு மதியம் வரை மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

இதற்குச் சோம்பல்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிட ஆள் இருப்பதும் இல்லாததும்தான் காரணம் என்பது என் கணிப்பு. கிராமத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு, யார் இன்னும் வரவில்லை என்று ஏஜென்ட் தன் பட்டியலைப் பார்த்துப் பெயர் பெயராகச் சொல்லுவார். வெளியே நிற்பவர் உடனே வண்டியை எடுப்பார். வேட்பாளர் தரப்பு வாகனம் வைத்து வாக்காளர்களை ஏற்றி வருவது சட்டப்படி முறைகேடு, அது வேறு கதை. வீட்டு வாசலில் நின்று 'அக்கா, இன்னும் நீங்க வரலையே' என்று கேட்கும்போது பலரால் மறுக்க முடிவதில்லை. அடுக்குமாடியில் காவலாளி கேட்டைத் தாண்டி எந்தக் கட்சிக்காரரும் உள்ளே போக முடியாது. பூத் சிலிப்பே சில இடங்களில் காவலாளி மேசையில் கட்டாகக் கிடக்கும். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்புத் தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. அலுவலகத்தில் இருப்பவருக்கு அது கிடைக்கும். அந்தக் காவலாளிக்குக் கிடைக்கிறதா என்று அவரையே கேட்டுப் பாருங்கள். 2024-ல் வாக்குப்பதிவு வெள்ளிக்கிழமை வந்ததால் மூன்று நாள் விடுமுறையாகிவிட்டது, அதுவும் தன் பங்கைச் செய்திருக்கலாம். ஆனால் 2021-ல் செவ்வாய்க்கிழமை நடந்த சட்டமன்றத் தேர்தலிலும் சென்னை 59 சதவீதம்தான், மாநிலம் கிட்டத்தட்ட 73. எனவே எல்லாப் பழியையும் கிழமையின் மேல் போட முடியாது.

அதிகப் பதிவு என்றாலே அது குடிமை உணர்வு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பணம் கொடுத்ததற்காக 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும், 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்ட மாநிலம் இது. சாதிக் கணக்கும் உள்ளூர்ப் பகையும்கூட ஆட்களை வரிசைக்குக் கொண்டுவரும். எண்பதைத் தாண்டிய சாவடிகள் சிலவற்றில் நான் பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கிறேன், பெருமையோடு இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. பதிவு கூடினால் ஆட்சி மாறும், குறைந்தால் ஆட்சி நிலைக்கும் என்று ஒவ்வொரு தேர்தல் இரவிலும் தொலைக்காட்சியில் சொல்லுவார்கள். தமிழ்நாட்டையே பாருங்கள். 2006-ல் 70-ஐ ஒட்டியிருந்த பதிவு 2011-ல் 78 ஆனது, ஆட்சி மாறியது. 2016-ல் 74-க்கு இறங்கியது, இருந்த ஆட்சியே தொடர்ந்தது. இதுவரை விதி பொருந்துகிறது. 2021-ல் மேலும் இறங்கி 73-க்குப் பக்கம் வந்தது, ஆனால் ஆட்சி மாறியது. பீகாரில் 2025-ல் பத்துப் புள்ளி ஏறியது, ஆண்ட கூட்டணி 243-ல் 202 இடங்களோடு திரும்பி வந்தது. இந்த விதியை இனிமேல் யாராவது சொன்னால் சேனலை மாற்றிவிடலாம்.

'என் ஒரு ஓட்டால் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ராஜஸ்தானின் நாத்துவாரா. 2008-ல் சி.பி. ஜோஷி 62,215 ஓட்டு வாங்கி, 62,216 வாங்கியவரிடம் தோற்றார். அவர் அப்போது மாநிலக் காங்கிரஸ் தலைவர். நம்மூரில் 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-ல் சென்னை தியாகராய நகரில் 137. பதிவு மந்தமாக இருந்த அதே சென்னையில் என்பதைக் கவனியுங்கள். ஓர் அடுக்குமாடி வளாகத்தின் இரண்டு பிளாக்குகள் வந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம், யார் பக்கம் என்பது வேறு. ஆனால் நேர்மையாகச் சொன்னால் இவையெல்லாம் அபூர்வம். பெரும்பாலான தொகுதிகளில் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருக்கும், உங்கள் ஒரு ஓட்டு வெற்றியை மாற்றாது.

அது மாற்றுவது வேறொன்றை. எண்ணிக்கை முடிந்ததும் படிவம் 20 என்று ஒன்று வெளியாகும். எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று வரிசையாக அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்சிக்காரர்கள் அதைக் கரைத்துக் குடித்திருப்பார்கள். ஐந்து ஆண்டு கழித்து எந்தத் தெருவில் ஒரு மணி நேரம் செலவிடுவது, எதில் கையை அசைத்துவிட்டுப் போவது என்பது அந்தத் தாளில் இருந்துதான் முடிவாகிறது. நான் பேசிய வட்டச் செயலாளர்கள் எல்லோரும் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்கள். பதிவு குறைந்த தெருவுக்குச் சாக்கடை வேலையும் தாமதமாகத்தான் வரும் என்று இதிலிருந்து நேராகச் சொல்லிவிட முடியாது. வசதியான தெருக்களுக்கு அதிகாரிகளிடம் பேச வேறு வழிகளும் இருக்கின்றன.

தலைவர்கள் விஷயத்தில் உங்களோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. வாக்குப்பதிவு கூடினால் நல்ல தலைவர் வருவார் என்பது வரிசையைத் தலைகீழாக வைக்கிறது. நாம் சாவடிக்குப் போகும் முன்பே தேர்வின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. வேட்பாளரைக் கட்சித் தலைமை தீர்மானிக்கிறது, உறுப்பினர்கள் வாக்களித்துத்தான் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிடிக்காவிட்டால் நோட்டா இருக்கிறதே என்பீர்கள். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வந்த பொத்தான் அது. 2024-ல் இந்தூரில் முக்கிய எதிர்க்கட்சி வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டதால் 2.18 லட்சம் பேர் நோட்டாவை அழுத்தினார்கள். நாட்டிலேயே அவ்வளவு நோட்டா எங்கும் விழுந்ததில்லை. ஜெயித்தவர் ஜெயித்தார். நோட்டா முதலிடம் வந்தால்கூட, வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் வெற்றியாளர். மனக்குறையைப் பதிவு செய்யலாம், அவ்வளவுதான்.

தலைமை உருவாகும் இடம் என்று நான் நினைப்பது உள்ளாட்சி. வார்டு உறுப்பினராக நின்று, குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் பதில் சொல்லிப் பழகிய ஒருவர்தான் நாளைக்கு மேலே போனாலும் நிதானமாக இருப்பார். அந்த இடத்தில் நடந்ததைப் பாருங்கள். நம் நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் 2011-க்குப் பிறகு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. 2016-ல் பதவிக்காலம் முடிந்து, ஐந்து ஆண்டுக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகள் நிர்வாகம் செய்தார்கள். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்று சொன்ன பிறகும் இப்படி. கடைசியில் தேர்தல் வந்தபோது மாநிலம் முழுக்க 61 சதவீதத்தை ஒட்டிய பதிவு, சென்னையில் 44 சதவீதம்கூட இல்லை. இதற்காக மட்டும் சென்னைக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இத்தனை ஆண்டு ஒரு பதவியைக் காலியாகவே வைத்திருந்துவிட்டு, அதில் ஆளை உட்காரவைக்க வரவில்லையே என்று மக்களை மட்டும் திட்டுவது நியாயமாகப் படவில்லை.

இனி மூன்றாவது கேள்வி. கட்டாய வாக்குப்பதிவை இங்கே முயன்று பார்த்திருக்கிறார்கள். குஜராத் தன் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு 2009-ல் சட்டம் நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் 2014-ல்தான் கிடைத்தது, 2015-ல் உயர் நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் சட்ட ஆணையத்தின் 255-ஆவது அறிக்கை, கட்டாய வாக்குப்பதிவு வேண்டாம் என்றது. ஆஸ்திரேலியாவில் 1924 முதல் கட்டாயம் இருக்கிறது, பதிவு தொண்ணூறை ஒட்டியே இருந்துவருகிறது, ஆகவே கட்டாயம் பலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணிக்கையைக் கூட்டும். ஆனால் அதற்கு முதல் தேவை, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு உயிருள்ள ஆளாக, அந்த முகவரியில் இருப்பது. நம் பட்டியலை வைத்துக்கொண்டு அபராதம் போட்டால், இறந்தவர்களுக்கும் ஒரகடத்திலிருந்து ஓசூருக்கு மாறியவர்களுக்கும் நோட்டீஸ் போகும். நீங்கள் சொன்ன ரேஷன் நிறுத்தம் யாரைத் தாக்கும் என்றும் யோசியுங்கள். அடுக்குமாடிக்காரருக்கு ரேஷன் போனால் தெரியக்கூடச் செய்யாது. ஊரில் ஓட்டும் சென்னையில் சித்தாள் வேலையுமாக இருக்கும் பெண்ணுக்கு ரயில் டிக்கெட்டும் இரண்டு நாள் கூலியும் சேர்ந்து போகும், அதோடு அரிசியும் போகும். தவிர, எந்த வேட்பாளரையும் ஏற்காமல் இருப்பதும் கருத்துரிமைதான் என்று நோட்டா தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அதை மீறித் தண்டனை கொண்டுவருவது எளிதில்லை.

கடைசியாக, இங்கே கருத்துப் பகுதியில் ஒருவர் 'பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டிச் சேலஞ்ச் ஓட்டுப் போடலாம், 14 சதவீதம் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுதேர்தல்' என்ற வாட்ஸ்அப் செய்தியை ஒட்டியிருக்கிறார். இரண்டுமே பொய். பெயர் இல்லாதவர் எந்த அட்டையைக் காட்டினாலும் போட முடியாது. சேலஞ்ச் என்பது, வந்தவர் அந்த ஆளே இல்லை என்று ஏஜென்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்வது. டெண்டர் ஓட்டு என்பது, உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டால் உங்களுக்குத் தரும் காகித ஓட்டு. அது தனி உறையில் போகும், நீதிமன்றம் சொன்னால் தவிர எண்ண மாட்டார்கள். அதற்கு 14 சதவீதக் கணக்கெல்லாம் எந்த விதியிலும் இல்லை.

ஆகவே உங்கள் வளாகத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் தேர்தல் நாள் வரை காத்திருக்காதீர்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பட்டியலில் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. அதற்கு முன்னால், புதிதாகச் சேர்பவருக்குப் படிவம் 6, வீடு மாறியவருக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8, இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7. பதினெட்டு வயது நிரம்புகிறவர்களுக்கு இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன, ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதி பி.எல்.ஓ. அநேகமாக ஒரு அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார், தன் வேலை முடிந்த பிறகு மாலையில்தான் வருவார். அவருக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, சங்க அலுவலகத்தில் ஒரு மேசை போட்டுக்கொடுத்து, யார் யார் காலி செய்துவிட்டுப் போனார்கள் என்ற விவரத்தையும் கையில் கொடுத்தால், உங்கள் சாவடியின் பட்டியல் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பாதி சரியாகிவிடும்.